பந்து வளைகிறதா, கண் மயங்குகிறதா?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். அவசரமாக பஸ் பிடிக்க ஓடுகிறவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து படியுங்கள், ஓடிப்போகாது.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் போனில் கேட்டான்: "சார், பையன் இங்க பேஸ்பால் ஆடுறான். கர்வ்பால்னு ஒண்ணு போடுறான். பந்து நேரா வந்து கிட்ட வந்ததும் கீழே முங்குது. கிரிக்கெட்ல பந்து தரையில பட்டுத் திரும்பும், அது புரியுது. இங்க தரையிலயே படலையே, எதை வச்சு சார் திரும்புது?" காற்றைப் பிடித்துக்கொண்டுதான் திரும்புகிறது என்று அவனுக்குச் சொன்னேன். அது ஒரு வரி பதில். அதற்குப் பின்னால் இருக்கும் கதை 300 வருடத்துக்கும் மேல் நீளமானது. அதில் நியூட்டன் வருகிறார், துப்பாக்கி வருகிறது, சிப்பி பொறுக்கிய ஒரு பையன் வருகிறான், நம் கடலூரும் வருகிறது. கடலூர் எதற்கு என்று யோசிக்காதீர்கள், சொல்கிறேன்.

முதலில் 1941-க்குப் போவோம். அந்த வருடம் செப்டம்பரில் அமெரிக்காவின் பிரபல 'லைஃப்' பத்திரிகை, எறியப்பட்ட பேஸ்பால் பந்தை அதிவேகப் படமாக எடுத்துப் போட்டது. படங்களைப் பார்த்துவிட்டு அவர்கள் எழுதியதன் சாரம், கர்வ்பால் என்று ஒன்று கிடையாது, அது கண்ணின் மயக்கமாக இருக்கலாம் என்பதுதான். நாடே கொதித்துப்போனது. அதற்குள் பல தலைமுறை ஆட்டக்காரர்கள் அந்தப் பந்துக்கு மட்டை வீசி ஏமாந்திருந்தார்கள். டிஸ்ஸி டீன் என்ற பிட்ச்சர், "ஒரு மரத்துக்குப் பின்னால் போய் நில்லுங்கள், அந்தக் கண் மயக்கத்தாலேயே உங்களை அடிக்கிறேன்" என்கிற பொருளில் சவால் விட்டதாக ஒரு கதை உலவுகிறது. நடந்ததோ இல்லையோ, அவர் சொல்லக்கூடிய ஆள்தான்.

வேடிக்கை என்னவென்றால், பத்திரிகை சந்தேகப்பட்ட அந்த விஷயத்தை நியூட்டன் 1672-லேயே எழுதிவிட்டார். ஒளியும் நிறமும் பற்றி அவர் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில், சாய்த்துப் பிடித்த மட்டையால் அடிபட்ட டென்னிஸ் பந்து வளைந்து போவதைத் தான் பலமுறை பார்த்திருப்பதாகக் குறிப்பிடுகிறார். ஒளியும் அப்படி வளையுமோ என்பது அவர் சந்தேகம். பந்து அவருக்கு ஓர் உவமை, அவ்வளவுதான். காரணத்தை இரண்டு வரியில் தொட்டுவிட்டு மேலே போய்விட்டார். பெரிய மனிதர்கள் வழியில் கிடப்பதை எல்லாம் குனிந்து எடுக்க மாட்டார்கள்.

குனிந்து எடுத்தவர் பெஞ்சமின் ராபின்ஸ். இங்கிலாந்தின் பாத் நகரில் 1707-ல் பிறந்தவர், குவேக்கர் குடும்பம், வசதி கிடையாது. பெரும்பாலும் தானாகவே கணிதம் கற்றவர். 20 வயதில் ராயல் சொசைட்டி உறுப்பினர். பிளஸ் டூவில் என்னிடம் இயற்பியல் படித்தவர்களுக்கு ஒரு கணக்கு நினைவிருக்கும்: தொங்கும் மரக்கட்டையில் தோட்டா பாய்கிறது, கட்டை இத்தனை சென்டிமீட்டர் உயர்கிறது, தோட்டாவின் வேகம் என்ன? அந்த ஊசலைக் கண்டுபிடித்தவர் இவர்தான். 1742-ல் வெளியான பீரங்கிக் கலை பற்றிய அவருடைய புத்தகத்தில் அது இருக்கிறது. உங்களை எல்லாம் அவ்வளவு பாடுபடுத்திய கணக்கின் மூலவர்.

அந்தக் காலத்துத் துப்பாக்கிக் குழாய் உட்புறம் வழவழப்பானது. குண்டு உருண்டை. குறி பார்த்துச் சுட்டாலும் குண்டு ஒருமுறை இடப்பக்கம் போகும், ஒருமுறை வலப்பக்கம் போகும். காற்று தள்ளுகிறது, குழாய் கோணல், கை நடுங்குகிறது என்று ஆளுக்கொரு காரணம். ராபின்ஸ் துப்பாக்கியை அசையாமல் கட்டிவைத்துச் சுட்டார். அப்போதும் விலகியது. குண்டு சாய்வான நேர்கோட்டில் போனால் தூரம் இரட்டிப்பானால் விலகலும் இரட்டிப்பாக வேண்டும். விலகல் அதற்கு மேல் போனது. அப்படியென்றால் குண்டு வழியில் வளைகிறது.

குண்டு குழாயின் ஏதோ ஒரு பக்கத்தில் உரசிக்கொண்டு வெளியே வருகிறது, அந்த உரசலில் சுழல ஆரம்பிக்கிறது, சுழலும் குண்டைக் காற்று ஒருபக்கமாகத் தள்ளுகிறது என்று அவர் முடிவுகட்டினார். பிறகு அதை நிரூபித்த விதம் இருக்கிறதே, 30 வருடம் சோதனைக்கூடத்தில் பிள்ளைகளோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், அற்புதம். துப்பாக்கிக் குழாயின் முனையை இடப்பக்கமாகக் கொஞ்சம் வளைத்துவிட்டார். அங்கங்கே மெல்லிய காகிதத் திரைகளைக் கட்டினார். சாதாரண ஆள் என்ன எதிர்பார்ப்பான்? முனை இடப்பக்கம் வளைந்திருக்கிறது, குண்டும் இடப்பக்கமே போகும் என்று. ராபின்ஸ் கணக்கு வேறு. வளைந்த இடத்தில் குண்டு குழாயின் வலது சுவரை உரசும். உரசும் பக்கம் பின்தங்கும், மறுபக்கம் முன்னே உருளும். ஆகவே குண்டு முதலில் இடப்பக்கம் கிளம்பினாலும் போகப்போக வலப்பக்கம் திரும்ப வேண்டும். காகிதங்களில் விழுந்த ஓட்டைகள் அப்படியே சொல்லின. இடப்பக்கம் வளைந்த துப்பாக்கி வலப்பக்கம் சுட்டது!

நூலில் கட்டிய மரப்பந்தை வைத்தும் செய்து காட்டினார். இரட்டை நூலை முறுக்கிவிட்டு ஊசலாட விட்டால், முறுக்கு பிரிந்து பந்து சுழலச் சுழல ஊசலின் பாதையே பக்கவாட்டில் நகர்ந்துகொண்டு போகும். பள்ளிக்கூடத்திலேயே செய்து பார்க்கலாம். பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால் செல்போனைப் பிடுங்கி வைத்துவிட்டு இதைச் செய்யச் சொல்லுங்கள்.

இதோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை, காரணம் ஆய்லர். அந்த நூற்றாண்டின் மாபெரும் கணித மேதை அவர். ராபின்ஸின் புத்தகத்தை 1745-ல் ஜெர்மனில் மொழிபெயர்த்து, மூலத்தைவிடப் பல மடங்கு நீளமான உரையும் எழுதினார். அதில் இந்தச் சுழற்சி விஷயத்தை மட்டும் ஏற்கவில்லை. குண்டின் உருவத்தில் இருக்கும் கோணல்தான் விலகலுக்குக் காரணம் என்று ஒதுக்கிவிட்டார். ஆய்லரே சொல்லிவிட்டார் என்றால் அதற்குமேல் யார் பேசுவது? காகிதத்தில் ஓட்டை இருக்கிறது, ஆனால் அதைவிடப் பெரிதாக ஒரு பெயர் நிற்கிறது. 100 வருடம் அது அப்படியே கிடந்தது.

இப்போது கடலூர். 1746-ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்ததும், கம்பெனியின் சோழமண்டலத் தலைமையிடம் நம் தேவனாம்பட்டினத்தில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டைக்கு மாறியது. அடிபட்ட கம்பெனிக்குக் கோட்டை கட்டத் தெரிந்த நல்ல ஆள் தேவைப்பட்டது. ராபின்ஸைத் தலைமைப் பொறியாளராக நியமித்தார்கள். 1750-ல் வந்து சேர்ந்தார். சென்னைக் கோட்டைக்கும் நம்மூர்க் கோட்டைக்கும் திட்டம் வரைந்தார். வந்த சில மாதத்தில் காய்ச்சல். தேறினார், மறுபடி விழுந்தார். 1751 ஜூலை 29-ஆம் தேதி செயின்ட் டேவிட் கோட்டையில் இறந்துபோனார். வயது 44. கம்பெனிக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தபோது கையில் பேனாவோடு உயிர் போனதாக எழுதி வைத்திருக்கிறார்கள். அடுத்த ஒன்றிரண்டு மாதத்துக்குள் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்தார், நம் பாடப்புத்தகங்கள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. கோட்டையை 1758-ல் லாலி இடித்துத் தள்ளினார்.

சில்வர் பீச்சுக்குக் குடும்பத்தோடு போய்ச் சுண்டல் வாங்கித் தின்கிறோமே, அங்கிருந்து நடக்கிற தூரம்தான் அந்த இடம். கரையில் பிள்ளைகள் ரப்பர் பந்தை வெட்டி வெட்டிப் போட்டு ஆடுகிறார்கள். அது ஏன் வளைகிறது என்று உலகத்தில் முதன்முதலாகச் சோதனை செய்து சொன்னவர் அந்த மணலுக்குப் பக்கத்தில்தான் கண்ணை மூடினார். இத்தனை வருட வேலையில் எந்தப் பாடப்புத்தகத்திலும் இந்தச் செய்தியை நான் பார்த்ததில்லை.

பெயரும் அவருக்குக் கிடைக்கவில்லை. 1852-ல் பெர்லினில் குஸ்டாவ் மாக்னஸ் என்ற பேராசிரியர், பீரங்கிக் குண்டுகள் ஏன் விலகுகின்றன என்று ஆராய்ந்து, சுழலும் உருளை மீது காற்றை ஊதிப் பக்கவாட்டு விசையைக் காட்டினார். 1877-ல் ராலே பிரபு டென்னிஸ் பந்தின் வளைவு பற்றி ஒரு கட்டுரை எழுதும்போது விளக்கத்தின் பெருமையை மாக்னஸுக்குக் கொடுத்தார். அன்றுமுதல் அது 'மாக்னஸ் விளைவு'. மாக்னஸ் செய்த வேலை நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் 110 வருடம் முந்தியவர் ஒருவர் இருக்கிறார். என் வகுப்பில் நான் 'ராபின்ஸ் விளைவு' என்றுதான் சொல்வேன். தேர்வில் மட்டும் மாக்னஸ் என்று எழுதுங்கள், மதிப்பெண் போய்விடும் என்பேன்.

சரி, பேஸ்பாலுக்கு வருவோம். விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பிட்ச்சர் ஒரு சிறு மேட்டின் மேல் நின்று எறிவார். எதிரே 60 அடி 6 அங்குலத்தில், அதாவது 18.44 மீட்டரில், 17 அங்குல அகலமுள்ள ஹோம் பிளேட். பந்து பிளேட்டுக்கு மேலே, தரையில் படாமல், பேட்டரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடையே போக வேண்டும். பந்து 145 கிராம் சுமார். தோலின் மேல் சிவப்பு நூலால் 108 இரட்டைத் தையல். கிரிக்கெட் பந்தின் தையல் இடுப்புக் கயிறு மாதிரி ஒரே வட்டமாக ஓடும். இதில் குதிரை லாடம் போல வளைந்து வளைந்து பந்து முழுவதையும் சுற்றி வரும். இந்தத் தையலை மறந்துவிடாதீர்கள், கடைசியில் வேலை இருக்கிறது.

1863-ன் கோடையில் நியூயார்க்கின் புரூக்ளின் கடற்கரையில் சில பையன்கள் கிளிஞ்சல் ஓடுகளை வீசி விளையாடிக்கொண்டிருந்தார்கள். வீசிய ஓடு வலப்பக்கமும் இடப்பக்கமும் வளைந்து போனது. நாமும் செய்ததுதான். அவர்களில் 14 வயது வில்லியம் ஆர்தர் கம்மிங்ஸ் என்ற பையனுக்கு மட்டும், பந்தையும் இப்படி வளைக்க முடிந்தால் எதிராளி எப்படி அடிப்பான் என்று தோன்றியது. நண்பர்களிடம் சொன்னான், சிரித்தார்கள். பிறகு யாரிடமும் சொல்லாமல் பிடியை மாற்றி மாற்றிப் பழகினான். அப்போதைய விதிப்படி கையை இடுப்புக்குக் கீழே வைத்துத்தான் எறிய வேண்டும். தோளைச் சுழற்றி எறிய வழியில்லை, எல்லாம் மணிக்கட்டில்தான். நாலு வருடம் போனது. 1867-ல் எக்செல்சியர் என்ற அணிக்காக ஹார்வர்டு கல்லூரி அணியோடு ஆடும்போது பந்து தான் நினைத்தபடி வளைவதைக் கண்டதாக 1908-ல் அவரே எழுதினார். ஆள் ஒல்லி, எடை 55 கிலோ தேறாது. 'கேண்டி' கம்மிங்ஸ் என்று பட்டப்பெயர். அந்தக் காலத்தில் 'கேண்டி' என்றால் முதல்தரம் என்று பொருளாம்.

இங்கேயும் பங்காளிச் சண்டை. ஃபிரெட் கோல்ட்ஸ்மித் என்ற இன்னொரு பிட்ச்சர், நான்தான் முதல் என்றார். 1870-ல் புரூக்ளினில் கம்பங்களை ஒரே வரிசையில் நட்டு, முதல் கம்பத்துக்கு ஒருபக்கமும் அடுத்ததற்கு மறுபக்கமுமாகப் பந்தை வளைத்துக் காட்டியதாக அவர் தரப்புக் கதை. ராபின்ஸின் காகிதத் திரை ஞாபகம் வருகிறதா? கம்பமும் காகிதமும் செய்த வேலை ஒன்றுதான்: கண்ணை நம்பாதே, பாதையைக் குறித்துக்கொள். 1877-ல் சின்சினாட்டியிலும் இதே மாதிரிக் கம்பச் சோதனை நடந்தது. காற்று அடித்துத்தான் வளைகிறது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக வலக்கைக்காரர் ஒருவர், இடக்கைக்காரர் ஒருவர் என மாற்றி எறிய வைத்தார்கள். பந்து எதிரெதிர்ப் பக்கம் வளைந்தது.

கம்மிங்ஸ் 1924-ல் காலமானார். 1939-ல் அவர் பெயர் கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டது, முதல் கர்வ்பால் எறிந்தவர் என்ற வாசகத்தோடு. அதே 1939-ல்தான் கோல்ட்ஸ்மித்தும் இறந்தார். அவருக்கு மண்டபத்தில் இடமில்லை.

இனி பந்து ஏன் வளைகிறது. சுருக்கமாகச் சொல்கிறேன், போர்டு இல்லாமல் சொல்வது சிரமம். சுழலும் பந்து தன் தோலை ஒட்டிய காற்றை இழுத்துக்கொண்டு சுற்றுகிறது. எந்தப் பக்கம் தோல் பின்னோக்கிப் போகிறதோ, அந்தப் பக்கத்துக் காற்று பந்தைக் கொஞ்சம் அதிக தூரம் ஒட்டிவந்து பிரியும். மறுபக்கம் சீக்கிரமே பிரிந்துவிடும். ஆகவே பந்துக்குப் பின்னால் கிளம்பும் காற்றுச் சுழல் நேராகப் போகாமல் ஒருபக்கமாக ஒதுங்கும். பந்து காற்றை இந்தப் பக்கம் தள்ளினால் காற்று பந்தை அந்தப் பக்கம் தள்ளும். நியூட்டனின் மூன்றாம் விதி, தோணிக்காரர் சுக்கானைத் திருப்புவது மாதிரி. எந்தப் பக்கம் என்று நினைவு வைத்துக்கொள்ள, எலக்ட்ரானைக் கண்டுபிடித்த ஜே. ஜே. தாம்சன் 1910-ல் கோல்ஃப் பந்து பற்றிய சொற்பொழிவில் நல்ல வழி சொன்னார்: பந்து தன் மூக்கு போகும் பக்கம் போகும். முன்புறம் மேல்நோக்கிச் சுழன்றால் பந்துக்கு மேல்நோக்கிய தள்ளல், கீழ்நோக்கிச் சுழன்றால் கீழே.

இந்த மூக்கை வைத்து எல்லாப் பந்தையும் புரிந்துகொள்ளலாம். வேகப்பந்தான ஃபாஸ்ட்பால் விரல் நுனியிலிருந்து பின்சுழற்சியோடு கிளம்புகிறது. மணிக்கு 153 கி.மீ. வேகத்தில் வந்தால் பிளேட்டை அடைய 0.4 வினாடிதான். அந்த நேரத்தில் புவியீர்ப்பு மட்டும் அதை ஏறக்குறைய 80 செ.மீ. கீழே இழுக்கும் (½gt² போட்டுப் பாருங்கள், மறக்கவில்லையே?). நல்ல பிட்ச்சரின் பின்சுழற்சி அதில் பாதியை மீட்டுக்கொடுத்துவிடும். பந்து உண்மையில் மேலே ஏறுவதில்லை. விழ வேண்டிய அளவு விழாததால் மட்டை அடியில் போகிறது, பேட்டர் "ஏறியது" என்று சத்தியம் செய்வார். கர்வ்பால் இதற்கு நேரெதிர், முன்சுழற்சி. வேகம் 125 கி.மீ. பக்கம், ஆகவே விழ நேரமும் அதிகம், ஈர்ப்போடு காற்றும் சேர்ந்துகொண்டு கீழே அழுத்தும். சேஞ்ச்அப்பில் கை ஃபாஸ்ட்பாலுக்கு வருகிற அதே வேகத்தில் வரும், பந்து மட்டும் தாமதமாக வரும். கல்யாண வீட்டில் இலை போட்டுவிட்டுச் சாம்பாரைத் தாமதிப்பது போல. ஸ்லைடர் என்ற பந்தில் சுழற்சியின் பெரும்பகுதி தச்சர் துளைபோடும் கருவி மாதிரி, போகும் திசையையே அச்சாகக் கொண்டு இருக்கும். மூக்கு எந்தப் பக்கமும் போகாது, ஆகவே அந்தச் சுழற்சியால் வளைவு இல்லை. இதையும் ராபின்ஸ் தொட்டிருக்கிறார்! குழாயின் உள்ளே திருகு வெட்டினால் குண்டு இப்படிச் சுழன்று நேராகப் போகும் என்று 1747-லேயே வாதாடியவர் அவர்.

விரல்தான் இங்கே எல்லாம். மோர்டகாய் பிரவுன் என்பவர் இந்தியானா மாநிலத்துப் பண்ணைப் பிள்ளை. சின்ன வயதில் தீவனம் வெட்டும் இயந்திரத்தில் கைவிட்டு வலது ஆள்காட்டி விரலின் பெரும்பகுதியை இழந்தார். பிறகு விழுந்து மற்ற விரல்களும் ஒடிந்து கோணலாகவே கூடின. அந்தக் கோணல் கையிலிருந்து கிளம்பிய பந்தின் சுழற்சி வேறு யாருக்கும் வரவில்லை. 1907-லும் 1908-லும் சிகாகோ கப்ஸ் அணி வேர்ல்ட் சீரிஸ் ஜெயித்தபோது அதன் முக்கியமான கை அது. இன்னொரு பக்கம், ஸ்க்ரூபால் என்று கையை வழக்கத்துக்கு எதிராக வெளிப்பக்கம் முறுக்கி எறிந்த கார்ல் ஹப்பெல். 1934 ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் பேப் ரூத், கெரிக், ஃபாக்ஸ், சிம்மன்ஸ், குரோனின் என ஐந்து மலைகளை வரிசையாக வீழ்த்தினார். வருடக்கணக்கில் முறுக்கியதில், சும்மா நிற்கும்போதும் அவருடைய இடது உள்ளங்கை வெளிப்பக்கம் பார்த்தே நின்றது. பையன்களுக்குச் சின்ன வயதில் இதை எல்லாம் பழக்காதே என்று அந்த மாணவனிடம் அழுத்திச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எச்சில் பந்து பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மாங்கொட்டை விரலில் வழுக்கிக்கொண்டு போகிறதே, அதே மாதிரி சுழற்சி இல்லாமல் நழுவும். 1920-ல் தடை வந்தது. ஏற்கெனவே அதை நம்பிப் பிழைத்த 17 பேருக்கு மட்டும் விலக்கு, அவர்களில் கடைசி ஆளான பர்லி கிரைம்ஸ் 1934 வரை எறிந்தார்.

இத்தனையும் நடந்த பிறகுதான் 1941-ல் அந்தக் கட்டுரை. அதைத் தீர்த்துவைத்தவர் ஒரு முதியவர். லைமன் பிரிக்ஸ், அமெரிக்க அரசின் அளவை நிறுவனத்துக்கு நீண்ட காலம் இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர், 1939-ல் யுரேனியம் குழுவுக்குத் தலைவராக இருந்தவர். 80 வயதைத் தாண்டியபின், சும்மா இராமல், பழைய அலுவலகத்துக் காற்றுச் சுரங்கத்தை வாங்கிக்கொண்டு பந்தோடு உட்கார்ந்தார். (ஓய்வு பெற்ற நண்பர்கள் கவனிக்க. வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் அனுப்புவது மட்டும் வேலை அல்ல.) பந்தைச் சுழற்றிக் காற்றோட்டத்தின் குறுக்கே போட்டு, எவ்வளவு விலகி விழுகிறது என்று அளந்தார்.

எறிந்த பந்து எத்தனை சுற்று சுற்றுகிறது என்று தெரிய வேண்டுமே? வாஷிங்டன் செனட்டர்ஸ் அணியின் பெட்ரோ ராமோஸ், கமிலோ பஸ்குவல் என்ற இரண்டு கியூபா பிட்ச்சர்களை வரவழைத்தார். பந்தில் லேசான தட்டை நாடா ஒன்றை ஒட்டி, மறுமுனையைத் தரையில் பிடித்துக்கொண்டு எறியச் சொன்னார். நாடாவில் விழுந்த முறுக்குகளை எண்ணினால் சுற்றின் எண்ணிக்கை. இதே நாடா வித்தையை ஸ்காட்லாந்துப் பேராசிரியர் டெய்ட் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோல்ஃப் பந்துக்குச் செய்திருக்கிறார். அவர் மகன் ஃபிரெடி டெய்ட் இரண்டுமுறை சாம்பியன், போயர் போரில் 1900-ல் மாண்டார். அடுத்த வருடமே தகப்பனாரும் போய்விட்டார்.

1959-ல் பிரிக்ஸ் முடிவை வெளியிட்டார். பந்து உண்மையாகவே வளைகிறது, 17.5 அங்குலம் வரை. பிளேட்டின் அகலமே 17 அங்குலம்தான் என்று மேலே சொன்னேன். ஒரு ஓரத்தைக் குறிவைத்துக் கிளம்பிய பந்து மறு ஓரத்துக்கு வெளியே போய்விடலாம். இன்னொன்றும் கண்டார்: தையலே இல்லாத வழவழப்பான பந்து சில வேளை எதிர்ப்பக்கம் வளைகிறது. மூக்கு விதியே தலைகீழ்.

பத்திரிகையிலும் ஒரு பங்கு உண்மை இருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. பந்தின் பாதை முழுக்க ஒரே சீரான வளைவு. பேட்டருக்குத் தெரிவதோ, கடைசி நேரத்தில் சட்டென்று ஒடிவது போல. இந்த ஒடிவுதான் கண்ணின் வேலை. நேராகப் பார்க்கும்போது ஒரு மாதிரியும் கடைக்கண்ணால் பார்க்கும்போது வேறு மாதிரியும் சுழலும் பொருளின் நகர்வு தெரிகிறது. ஆர்தர் ஷபிரோவும் அவருடைய சகாக்களும் செய்த கர்வ்பால் படம் ஒன்று 2009-ல் ஆண்டின் சிறந்த கண்மாயப் போட்டியில் முதல் பரிசு வாங்கியது. வளைவு காற்றுடையது, ஒடிவு கண்ணுடையது.

தையலைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. நக்கிள்பால் என்று ஒரு விசித்திரம் உண்டு. நக நுனியால் பிடித்துச் சுழற்சியே இல்லாமல் தள்ளுவார்கள். பிளேட்டுக்கு வருவதற்குள் அரைச் சுற்று, ஒரு சுற்று, அவ்வளவுதான். சுழலவில்லை என்றால் ராபின்ஸ் விசையும் இல்லை, ஆனாலும் பந்து கள் குடித்தவன் மாதிரி தள்ளாடும். எறிந்தவருக்கும் தெரியாது, பிடிப்பவருக்கும் தெரியாது. கேட்ச்சர்கள் இதற்கென்றே பெரிய கையுறை போட்டுக்கொள்வார்கள். 1975-ல் டுலேன் பல்கலைக்கழகத்தின் வாட்ஸும் சாயரும் காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். தையல் எந்தப் பக்கம் நிற்கிறதோ அதற்கேற்ப விசை மாறுகிறது, பந்து மெல்லத் திரும்பும்போது விசையும் பக்கம் மாறுகிறது. நம் கிரிக்கெட்டில் புதுப் பந்து ஸ்விங் ஆவதும் தையல் வேலைதான். 1983-ல் ரவீந்திர மேத்தாவும் நண்பர்களும் அதை அளந்து எழுதினார்கள். ஷேன் வார்னின் பந்து தரையில் படுமுன் காற்றில் மிதந்து லெக் பக்கம் நகருமே, அது சுழற்சி வேலை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சுழற்சி தனி, தையல் தனி என்று நினைத்திருந்தார்கள். 2020-ல் அமெரிக்கப் பெரிய லீக் மைதானங்களில் ஹாக்-ஐ கேமராக்கள் வந்தன. பந்தின் சுழற்சி அச்சையே நேரடியாகப் படம்பிடித்தார்கள். அச்சை வைத்துக் கணக்குப் போட்டால் பந்து ஓர் இடத்துக்கு வர வேண்டும், சில பிட்ச்சர்களுக்கு அது வேறு இடத்துக்கு வந்தது. யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்ட்டன் ஸ்மித்தின் குழு லேசர் ஒளியில் காற்றோட்டத்தைப் படம் எடுத்துக் காரணத்தைக் காட்டியது: வேகமாகச் சுழலும் பந்திலும், ஒவ்வொரு சுற்றிலும் தையல் அதே இடத்துக்கு வந்து நின்றால், அது காற்றைச் சீக்கிரம் பிரித்துவிட்டு, பந்தின் பின்னால் உள்ள சுழலை நகர்த்திவிடுகிறது. சிங்கர், ஸ்வீப்பர் முதலிய பந்துகளின் கூடுதல் வளைவுக்கு இதுவும் காரணம். எத்தனையோ பிட்ச்சர்கள் பந்தை விரலுக்குள் திருப்பித் திருப்பித் தையலைத் தேடிப் பிடித்தது இதற்காகத்தான். பெயர் தெரியாமலேயே பிடித்திருக்கிறார்கள்.

அந்த மாணவனின் பையன் எந்தப் பிடியில் எறிகிறான் என்று கேட்டு, படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கடலூர்ப் பக்கம் இருப்பவர்கள் அடுத்தமுறை தேவனாம்பட்டினம் போனால், பிள்ளைகளுக்குக் கோட்டை இருந்த இடத்தைக் காட்டி, ராபின்ஸ் என்ற பெயரை ஒருமுறை சொல்லுங்கள்.